துளை போடும்போதே கேட்க வேண்டும்

ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு எரிந்த குண்டு பல்புக்குள் சிவந்து ஒளிர்ந்த மெல்லிய கம்பி, டங்ஸ்டன். இன்று அந்த பல்புகள் காணாமல் போய்விட்டன. ஆனால், டங்ஸ்டனுக்கு மவுசு குறையவில்லை. இரும்பை வெட்டும் கருவிகள், பாறையைத் துளைக்கும் முனைகள், ராணுவத் தளவாடங்கள் எனப் பலவற்றுக்கும் அது வேண்டும். 2023-ல் திருத்தப்பட்ட கனிமச் சட்டம் மிக முக்கியமானவை என்று பட்டியலிட்ட 24 கனிமங்களில் டங்ஸ்டனும் ஒன்று. அவற்றை ஏலம் விடும் அதிகாரம் மத்திய அரசின் கைக்குப் போனது.

அப்படி ஏலம் போன இடம்தான் மதுரை மாவட்டம் மேலூர் பக்கத்தில் உள்ள நாயக்கர்பட்டி தொகுதி. 2024 நவம்பர் 7-ம் தேதி முடிவு அறிவிக்கப்பட்டது. பரப்பு 2,015.51 ஹெக்டேர், ஏறக்குறைய 5,000 ஏக்கர். அரிட்டாபட்டியும் அதற்குள் வந்ததுதான் சிக்கல். தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்ட ஊர் அது. குன்றுகளில் வல்லூறுகள், புதர்களில் தேவாங்கும் அழுங்கும், பாறையில் பாண்டியர் காலக் குடைவரைக் கோயில், சமணர் படுகை, தமிழிக் கல்வெட்டு, சுற்றிலும் சுனைகளும் கண்மாய்களும்.

கிராம சபைகளில் தீர்மானம் போட்டார்கள். டிசம்பர் 9-ம் தேதி சட்டமன்றமும் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. பாரம்பரியத் தலத்தை மட்டும் விலக்கிவிட்டு எல்லையை மாற்றி வரையலாமா என்று ஆராயச் சொன்னது மத்திய சுரங்க அமைச்சகம். ஊர்க்காரர்கள் அதை ஏற்கவில்லை. தலம் சுமார் 193 ஹெக்டேர்தான். தொகுதியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மீதியில் இருக்கும் வயலும் வீடும் கண்மாயும் யாருடையவை? 2025 ஜனவரி 7-ம் தேதி ஆயிரக்கணக்கானோர் மதுரைக்கு நடந்தே வந்தார்கள். ஜனவரி 23-ம் தேதி ஏலம் ரத்தானது.

ஊர் ஜெயித்தது. ஆனால், அடுத்த ஊருக்கும் உதவக்கூடிய ஒரு விஷயம் இதில் இருக்கிறது. நாயக்கர்பட்டியில் ஏலம் விட்டது நேரடிச் சுரங்கக் குத்தகையை அல்ல, கூட்டு உரிமத்தை. அதாவது, எடுத்தவர் முதலில் கனிமத்தைத் தேட வேண்டும், இருப்பது உறுதியானால் பிறகு தோண்டலாம். சுரங்கம் தோண்ட, 2006-ம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி முன் அனுமதி வேண்டும். தேடும் பணிக்கோ அதே அறிவிக்கையில் விலக்கு உண்டு. காட்டு நிலம் என்றால் வனச் சட்டம் தனியாகக் கேள்வி கேட்கும். பட்டா நிலத்திலும் கண்மாய்க் கரையிலும் கேட்பது யார்?

தேடுவது என்றால் சும்மா பார்த்துவிட்டுப் போவதல்ல. ரிக் வண்டி வரப் பாதை வெட்டுவார்கள். துளை போடும்போது முனையைக் குளிர்விக்கத் தண்ணீர் நிறைய வேண்டும்; அதை எங்கிருந்து எடுக்கிறார்கள் என்பது கோடையில் முக்கியமான கேள்வி. சேறும் எண்ணெயும் கலந்த கழிவைக் குழி வெட்டித் தேக்குவார்கள். குழிக்கு விரிப்பு போடாவிட்டால் மழையில் அது ஓடைக்குப் போகும். வேலை முடிந்ததும் துளையை அடியிலிருந்து சிமென்ட் குழம்பால் அடைத்து, குழியை மூடி, மேல்மண்ணைத் திரும்பப் போட வேண்டும்.

மூடாத ஆழ்துளைக் கிணறு என்றால் 2019-ல் மணப்பாறை பக்கம் நடந்த துயரம் தமிழ்நாட்டில் யாருக்கும் மறக்காது. கனிமம் தேடும் துளையின் வாய் மூன்று, நான்கு அங்குலம்தான், குழந்தை விழாது. அதனாலேயே அதை யாரும் கவனிப்பதும் இல்லை. மேலே இருக்கும் அழுக்கு நீர் நிலத்தடி நீரில் கலக்க அந்த வாயே போதும். அது தெரியவருவதும், பல வருடங்கள் கழித்துப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் கெடும்போதுதான்.

சுரங்கம் என்று வந்தால் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம் என்று இருந்துவிடவும் முடியாது. முக்கியக் கனிமச் சுரங்கங்களுக்கு அந்தக் கூட்டம் தேவையில்லை என்று 2025 செப்டம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் விலக்கு அளித்துவிட்டது. ஆகவே, பேச வேண்டிய நேரம் முன்னதாகவே வந்துவிடுகிறது.

2002-ம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். ஊரின் மரம், பறவை, மூலிகை, நீர்நிலை எல்லாவற்றையும் மக்களைக் கேட்டுப் பதிவேட்டில் எழுதுவது அதன் வேலை. அந்தப் பதிவேடு தங்கள் ஊராட்சியில் இருக்கிறதா, கடைசியாக எப்போது எழுதினார்கள் என்று அடுத்த கிராம சபையில் யார் வேண்டுமானாலும் எழுந்து கேட்கலாம். ரிக் வண்டி வருவதற்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது.