மலக்குழிக்கு மட்டும் ஏன் வரவில்லை உங்கள் இயந்திரம்?

செயற்கை நுண்ணறிவு எல்லோருடைய வேலையையும் பறித்துவிடும் என்று பேசாத கருத்தரங்கமே இன்று பல்கலைக்கழகங்களில் இல்லை. ஆய்வு மாணவனாக நானும் உட்கார்ந்து கேட்கிறேன். கணக்கர் வேலை போகும், மொழிபெயர்ப்பாளர் வேலை போகும், நிரல் எழுதுபவர் வேலையும் போகும் என்கிறார்கள். உலகச் சந்தையின் போட்டியில் மனிதரைவிட மலிவான இயந்திரம் வந்தால் மனிதர் விலகித்தான் ஆக வேண்டும். அது பொருளாதார விதியாம். எனக்கு ஒரே கேள்விதான். அந்த விதி மலக்குழிக்கு மட்டும் ஏன் பொருந்தவில்லை?

தொழில்நுட்பம் இல்லையா? இருக்கிறது. கேரளத்து இளம் பொறியாளர்கள் உருவாக்கிய 'பேண்டிகூட்' ரோபோ 2018லேயே திருவனந்தபுரத்தில் பாதாளச் சாக்கடையைச் சுத்தம் செய்யத் தொடங்கிவிட்டது. சட்டம் இல்லையா? 1993இல் ஒன்று, 2013இல் இன்னொன்று. சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தரச் சொன்னது உச்ச நீதிமன்றம், 2014இல். 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. அதற்கு இரண்டு மாதம் முன்புதான் சந்திரயான்-3 நிலவில் இறங்கியிருந்தது. இழப்பீடு உயர்ந்தது, மரணம் நிற்கவில்லை.

காரணம் எளிது. உழைப்புக்கு விலை கூடும் இடத்துக்குத்தான் முதலாளி இயந்திரத்தைக் கொண்டுவருவான். உயிரையே மலிவாக வாங்க முடிந்தால் அவன் இயந்திரத்துக்கு ஏன் செலவழிக்க வேண்டும்? அந்த மலிவை உறுதி செய்வது சாதி. கையால் மலம் அள்ளுவோரில் சாதி விவரம் தெரிந்த 43,797 பேரில் 42,594 பேர் பட்டியல் சாதியினர். 2021இல் ஒன்றிய அரசே நாடாளுமன்றத்தில் தந்த கணக்கு இது. திறந்த சந்தையில் நடக்கும் போட்டியின் முடிவு இப்படியா இருக்கும்?

உலகமயம் வந்தால் சாதி கரைந்துவிடும் என்று நம்மிலும் சிலர் நம்பினார்கள். ஆண்டையின் வயலை விட்டு நகரத்து ஆலைக்குப் போனவர்களுக்கு அது கொஞ்சம் மூச்சு விட இடம் தந்தது உண்மைதான். ஆனால் 2000ஆம் ஆண்டில் சென்னையின் மூன்று மண்டலங்களில் குப்பை அள்ளும் வேலை, பிரெஞ்சுப் பன்னாட்டுக் குழுமத்தைச் சேர்ந்த ஓனிக்ஸ் நிறுவனத்திடம் போனது. அதன் பிறகு நிறுவனங்கள் ஒன்று மாற்றி ஒன்று வந்தன. வண்டி மாறியது, சீருடை மாறியது. குப்பையைத் தொடும் கை மாறவில்லை. மாநகராட்சியின் நிரந்தர வேலை ஒப்பந்த வேலையானதுதான் நமக்குக் கிடைத்த உலகமயம். யார் குறைந்த தொகை கேட்கிறாரோ அவருக்கே டெண்டர். அந்தத் தொகை குறைவது எங்கே? தூய்மைப் பணியாளரின் கூலியிலும், அவருக்குக் கொடுக்காத கையுறையிலும்தான்.

2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை முன் இரவு பகலாக உட்கார்ந்திருந்த தூய்மைப் பணியாளர்கள் கேட்டது இதைத்தான்: எங்களைத் தனியாரிடம் தள்ளாதே, நிரந்தரமாக்கு. சமூகநீதி பேசும் அரசு நள்ளிரவில் போலீசை விட்டு அவர்களை அப்புறப்படுத்தியது.

அரசு வேலை ஒப்பந்தமாகும்போது இடஒதுக்கீடும் அதோடு செத்துப்போகிறது. மேலே உள்ள வேலைகளில் தகுதி, திறமை என்று சொல்லி நம்மை வாசலிலேயே நிறுத்துகிறார்கள். கீழே உள்ள வேலைக்கு மட்டும் யாரும் தகுதி கேட்பதில்லை, பிறப்பே போதுமாம்.

தோழர்களே, இயந்திரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மலக்குழிக்குள் ஒருவர்கூட இறங்காத நாள் நாளையே வர வேண்டும். ஆனால் இயந்திரம் வரும்போது அதன் சாவி யார் கையில் இருக்கும்? ஒப்பந்ததாரர் கையில் என்றால், இத்தனை காலம் உயிரைக் கொடுத்தவர்கள் வேலையையும் இழந்து தெருவில் நிற்பார்கள். அதனால் நம் கோரிக்கையைச் சேர்த்தே வைப்போம். இயந்திரம் வேண்டும். அதை இயக்கும் பயிற்சியும் நிரந்தர அரசு வேலையும் அவர்களுக்கே வேண்டும். தனியார் துறையிலும் இடஒதுக்கீடு வேண்டும். மனிதரைக் குழிக்குள் இறக்கியவர் இழப்பீடு கட்டிவிட்டு வீட்டுக்குப் போகக் கூடாது, சிறைக்குப் போக வேண்டும்.

வேலையின் எதிர்காலம் பற்றி அடுத்த கருத்தரங்கில் யாராவது பேசினால், யாருடைய வேலை என்று எழுந்து கேளுங்கள்.