மாசி வந்த தீவு



சென்ற மாதம் காயல்பட்டினத்திலிருந்து வந்த என் சிறிய தாயார் ஒரு பொட்டலம் மாசி கொண்டு வந்திருந்தார்கள். விறகுக் கட்டைபோல் இறுகிக் கிடக்கும் அந்தத் துண்டை இடித்துத் தேங்காயும் மிளகாயும் கூட்டிச் சம்பல் செய்தால் வீடு எப்படி மணக்கும் என்பதை நம் தாய்மார்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாடம் கேட்க வீட்டுக்கு வந்திருந்த மதரஸா மாணவன் ஒருவன், "இது எந்த ஊர் மீன், ஹஜ்ரத்?" என்றான். அவனுக்குச் சொல்லத் தொடங்கிய விடைதான் இம்மாதக் கட்டுரையாக நீண்டுவிட்டது.

மாசி என்பது சூரை மீன். அதை உப்பு நீரில் அவித்து, புகையூட்டி, வெயிலில் பல நாள் காய வைப்பார்கள். மாலத்தீவிலும் நம் நாட்டின் இலட்சத்தீவுகளிலும் ஆகிற சரக்கு இது. ஏறத்தாழ 1344 இல் மாலத்தீவில் காஜியாக இருந்த இப்னு பதூதாவும் இந்த மீனைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். நம் நாட்டு மாசிக்குப் பேர்போன இடம் மினிக்காய். அங்குள்ளோர் அதை 'மலிக்கு' என்பர். இலட்சத்தீவுகளின் தென்கோடியில், 5 சதுர கிலோமீட்டருக்கும் குறைவான நிலம் அது. 2011 கணக்குப்படி பத்தாயிரத்துக்குச் சற்று மேற்பட்ட மக்கள் வாழ்கிறார்கள். அனைவரும் நம்மவர்களே. பேசும் மொழி மட்டும் மாலத்தீவின் மொழி. வெளியார் எவரும் அனுமதிச் சீட்டு இல்லாமல் அங்கே கால் வைக்க இயலாது.

அவர்கள் மீன் பிடிக்கும் முறையைக் கேளுங்கள். தீவைச் சூழ்ந்த பவளப்பாறை அரணுக்குள் ஆழமற்ற கடல் அடங்கிக் கிடக்கிறது. காயல்பட்டினத்தின் பெயரிலுள்ள அதே காயல்தான் அது. அதில் விரலளவுப் பொடிமீன்களைப் பிடித்து, படகின் அடியில் கடல்நீர் வந்து போகும் தொட்டியில் உயிரோடு வைத்துக்கொண்டு ஆழ்கடலுக்குச் செல்வர். சூரைக் கூட்டத்தைக் கண்டதும் பொடிமீன்களை வீசி, நீர்மேல் சாரல் தெளிப்பர். இரை துள்ளுகிறது என்று எண்ணிச் சூரை மேலே பாய்ந்து வரும். வரிசையாக நிற்போர் நீண்ட கோலில் கட்டிய தூண்டிலால் அதைத் தூக்கித் தட்டில் எறிவர். முள்ளில் கொக்கி இல்லாததால் மீன் தானே கழன்று விழும். வலை விரிப்பதில்லை, ஆகவே ஆமையும் ஓங்கிலும் வீணே மாள்வதுமில்லை. 1960களில் மற்றத் தீவுகளுக்கும் இம்முறை மினிக்காயிலிருந்தே பரவியது.

இதில் என்னைச் சிந்திக்க வைத்தது சூரையன்று, அந்தப் பொடிமீன்தான். அது பவளப்பாறையை அண்டி வாழ்வது. எவருக்கும் தனிச் சொத்தல்ல. ஒருவன் பேராசையால் அதைத் துடைத்தெடுத்தால், மறுநாள் ஊரின் அத்தனை படகுகளும் கரையில்தான் நிற்க வேண்டும்.

அங்கே 11 ஊர்கள் உண்டு. ஒவ்வோர் ஊருக்கும் ஆண்களின் சார்பில் மூப்பன் ஒருவர், பெண்களின் சார்பில் மூப்பத்தி ஒருவர். ஊருக்குப் பொதுக் கூடமும் பொதுப் படகும் உண்டு. பொதுவேலை என்றால் வீட்டுக்கு வீடு ஆள் வரவேண்டும். ஆடவரில் பலர் கப்பல் வேலைக்குப் போய்விடுவதால், ஊரை நடத்துவதில் பெண்களின் கை ஓங்கியிருக்கிறது. (ஜமாஅத் கூட்டங்களில் பெண்களின் சொல்லுக்கு இடமில்லாத நம் மஹல்லாக்கள் இதைக் கவனிக்கலாம்.)

தண்ணீரின் கதை இன்னும் நுட்பமானது. அங்கே ஆறில்லை, ஏரியில்லை. மழைநீர் பவள மணலுக்குள் இறங்கி, கனமான உப்புநீரின் மேல் மெல்லிய ஏடுபோல் மிதக்கிறது. கிணற்றில் வாளியால் மொண்டால் ஏடு நிலைக்கும்; மோட்டார் வைத்து உறிஞ்சினால் கீழிருந்து உப்பு ஏறிவிடும். நன்னீர் மட்டம் ஓரடி தாழ்ந்தால் அடியிலிருந்து உப்புநீர் ஏறக்குறைய 40 அடி உயரக்கூடும் என்பது நீரியலார் கணக்கு. நம் வேளச்சேரி–தாம்பரம் சாலையில், பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் 2005 இல் கவரத்தியிலும், 2011 இல் மினிக்காயிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்களை அமைத்தது. மேல்மட்டத்து வெந்நீரை வெற்றிடத்தில் ஆவியாக்கி, ஆழத்துக் குளிர்நீரால் அந்த ஆவியைக் குளிர வைக்கும் முறை அது. நாளொன்றுக்கு ஒரு இலட்சம் லிட்டர் கிடைக்கும்படி அமைத்தார்கள். நல்ல வேலைதான். ஆனாலும் கிணற்றின் ஏடு கெட்டுவிட்டால் அதை எந்த இயந்திரமும் திருப்பித் தராது.

தீவினர் எல்லோரும் புனிதர்கள் என்று நான் எழுதவில்லை. குப்பையும் பிளாஸ்டிக்கும் அங்கும் தலைவலிதான். அதைவிடப் பெரிய துன்பம் அவர்கள் கையில் இல்லை. 1998, 2010, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்தன. பாறை மடிந்தால் பொடிமீன் இல்லை. பொடிமீன் இல்லையேல் சூரையும் இல்லை. கட்டுக்கோப்பாக வாழ்கிறவர்கள் மீது, எங்கோ எரியும் எண்ணெயின் வெப்பம் வந்து விழுகிறது. அந்த எண்ணெயில் ஒரு பங்கு என் ஸ்கூட்டரிலும் எரிகிறது.

தான்சானியாவின் பெம்பாத் தீவையடுத்து மிஸாலி என்றொரு சிறு தீவு உண்டு. தொழுகை விரிப்பு என்ற பொருளில் வந்த பெயர் அது. வெடி வைத்து மீன் பிடிக்கும் வழக்கம் கெடுத்துவந்த கடற்கரை நாட்டில், 1998 இல் மிஸாலியைப் பாதுகாப்பு இடமாக அறிவித்தார்கள். சட்டம் மட்டும் போதவில்லை என்று கண்டு, பள்ளிவாசல் இமாம்களைக் கொண்டு மீனவர்களிடம் பேசினார்கள். படைப்புகள் நம் உடைமையல்ல, அமானிதம் என்பதே அந்தப் பேச்சின் சாரம்.

இனி நம் முடிச்சூருக்கு வருவோம். தீவில் நிற்பவனுக்கு நிலத்தின் எல்லை கண்ணெதிரே தெரிகிறது. நமக்கு அது தெரிவதில்லை. லாரியில் எங்கிருந்தோ தண்ணீர் வரும் என்ற நம்பிக்கையிலேயே காலம் ஓடுகிறது. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி வந்தபோது முஸ்ஹஃப்களைப் பரண்மேல் ஏற்றிவிட்டு, படகுக்குக் காத்திருந்தோம். நான்கே ஆண்டுகள் கழித்து, 2019 கோடையில், அதே தெருவில் குடங்களோடு லாரிக்குக் காத்திருந்தோம். ஏரிக்கும் வாய்க்காலுக்கும் குடிமராமத்து செய்து வந்த முன்னோரின் மண் இது.

எங்கள் பள்ளியில் முன்பு ஹவுள் இருந்தது. அதை மூடிக் குழாய்கள் வைத்தார்கள். ஓடும் ஆற்றில் ஒளூச் செய்தாலும் நீரை வீணாக்கலாகாது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதையும், இரு கை கொள்ளும் 'முத்' அளவு நீரில் அவர்கள் ஒளூச் செய்ததையும் பிள்ளைகளுக்குப் பாடமாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். மாசியைப் பற்றிக் கேட்ட அந்த மாணவன் குழாயடியில் ஒரு வாளியை வைத்து, ஒரு பெரியவர் ஒளூச் செய்து முடித்ததும் வாளியிலிருந்த நீரைச் செம்பால் மொண்டு எண்ணினான். ஒன்பது செம்பு! பின்னர் தான் ஒரு செம்பு நீரில் ஒளூச் செய்துகாட்டினான். அதிலும் சிறிது மிச்சம்.

பள்ளியின் பின்புறம் சிமெண்ட் பலகையால் மூடிய பழைய கிணறு இருக்கிறது. அதைத் திறந்து, மாடியில் விழும் மழைநீரை அதில் இறக்க வேண்டும் என்று நிர்வாகத்தாரிடம் இரண்டு முறை சொல்லிவிட்டேன். பெருநாள் கழியட்டும் என்றார்கள். பெருநாளும் கழிந்தது. மூன்றாம் முறை நான் தனியாகப் போவதாக இல்லை. அந்த மாணவனும் அவனுடைய செம்புக் கணக்கும் உடன் வருவார்கள்.