வெட்டாமல் பொருத்துங்கள்



 மத்தேயு 9:14-17 பகுதியை உங்கள் வேதாகமத்தில் முதலில் வாசித்துவிட்டு, பின்பு இத்தியானத்தைத் தொடரும்படி வேண்டுகிறேன்.

நமது சபையின் வாலிபர் ஒருவர் அண்மையில் ஒரு கேள்வியோடு வந்தார். அவருடைய பாட்டனார் வாங்கிய ஒஸ்ரின் ஏ40 கார் இன்றும் அவர்கள் வீட்டில் ஓடுகிறது. அதன் டாஷ்போர்ட்டில் இக்கால ஸ்டீரியோ ஒன்றைப் பொருத்த அவர் விரும்புகிறார். தகட்டை வெட்டாமல் அது உட்காராது என்று வேலைத்தலத்தில் சொல்லிவிட்டார்கள். வெட்டினால் அந்தக் காரில் இனி ஏறமாட்டேன் என்கிறார் தகப்பனார். இரண்டு வாரங்களாக இருவருக்குமிடையே பேச்சில்லை. "ஐயா, காரில் ஒரு ஸ்டீரியோ வைப்பது அவ்வளவு பெரிய குற்றமா?" என்று வாலிபர் கேட்டார். இருவருடைய சம்மதத்தோடும் இதை எழுதுகிறேன். ஏனெனில் இது அந்த ஒரு வீட்டின் வழக்கு மாத்திரமல்ல.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்டீரியோவைப் பொருத்துங்கள், டாஷ்போர்ட்டை வெட்டாதீர்கள். புதியது வரட்டும், ஆனால் மறுபடியும் பெற்றுக்கொள்ள முடியாத ஒன்றை அதற்கு விலையாகக் கொடுக்கவேண்டாம்.

ஏ40 டெவன் 1947 முதல் 1952 வரையிலும், அதன் பின்வந்த சமர்செற் 1954 வரையிலும் இங்கிலாந்தில் தயாரிக்கப்பட்டவை. யாழ்ப்பாணத் தெருக்களில் இவையும் மொறிஸ் மைனர் கார்களும் எத்தனை காலம் உழைத்தன என்பதை மூத்தவர்கள் அறிவீர்கள். யுத்த நாட்களில் பெற்றோல் கிடைக்கவில்லை. சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோலைக் கார்பரேற்றரில் விட்டு இயந்திரத்தை முடுக்கி, பின்பு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். பிரசவ வேதனைப்பட்டவர்களையும் காயப்பட்டவர்களையும் ஆஸ்பத்திரிக்குச் சுமந்து சென்றவற்றில் இந்தக் கார்களும் இருந்தன. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் தென்மராட்சியை நோக்கிப் புறப்பட்ட இரவிலும் அந்த வீட்டின் கார் நாவற்குழிப் பாலத்தை நெரிசலுக்குள் ஊர்ந்து கடந்தது. தகப்பனாரின் தாயார் முன்னாசனத்தில் அமர்ந்து, டாஷ்போர்ட்டின் விளிம்பை இறுகப் பிடித்தபடியே வந்தாராம். அந்தத் தாயார் தமது வீட்டுக்கு மறுபடியும் திரும்பவில்லை.

மகன் அப்பொழுது பிறந்திருக்கவில்லை. தகப்பனாரும் இதை அவருக்கு ஒருபோதும் சொன்னதில்லை. ஒருவருக்கு அது தாயின் கை பட்ட இடம்; மற்றவருக்கு அது வர்ணம் மங்கிய தகடு. அறியாதவர் கையில் வாள் இருந்தது. அறிந்தவர் வாயில் சொல் இருக்கவில்லை.

மகனுடைய பக்கத்திலும் நியாயம் உண்டு. ஞாயிறுதோறும் நடக்க இயலாத முதியவர்களைச் சபைக்கு ஏற்றி வருகிறவர் அவரே. வழியில் அவர்கள் கேட்கக் கீர்த்தனைகளும் வேதவாசிப்பும் வேண்டும் என்பதே அவருடைய ஆசை. பழைய காரைத் துணியால் மூடி வைக்காமல் ஊழியத்திற்கு உபயோகிக்கிற வாலிபரை நாம் கடிந்துகொள்ளலாகாது.

இனிக் காரின் காரியத்திற்கு வருவோம். இக்கால ஸ்டீரியோவுக்கு நியமிக்கப்பட்ட பொது அளவு ஒன்று உண்டு: ஏறக்குறைய 180 மில்லிமீற்றர் அகலம், 50 மில்லிமீற்றர் உயரம். ஏ40 உருவான நாட்களில் அந்த நியமம் இல்லை. ஆகவே அந்த அளவுக்கு அதன் டாஷ்போர்ட்டில் இடமும் இல்லை. வெட்டினால் இடம் உண்டாகும். ஆனால் வெட்டிய தகடு மறுபடியும் வளராது. ஸ்டீரியோவோ சீக்கிரத்தில் பழையதாகிவிடும். கசெற் வந்து போயிற்று. சீடி வந்து போயிற்று. இன்று கைப்பேசியிலிருந்து புளூடூத் மூலம் பாட்டு வருகிறது. நாளை வருவது எந்த அளவில் வருமோ அறியோம். இயந்திரம் போய்விடும், துவாரம் நிலைத்திருக்கும்.

கண்ணுக்குத் தெரியாத வேறொரு வேறுபாடும் உண்டு. இக்காலக் கார்களில் பற்றரியின் மறைமுனை காரின் உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். ஏ40 போன்ற அக்காலப் பிரித்தானியக் கார்களிலோ நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டது. இக்கால ஸ்டீரியோவின் உலோகக் கூடு அதன் மறைமுனையோடு சேர்ந்தது. அதை அப்படியே பழைய காரின் தகட்டில் திருகி இறுக்கினால் இரு முனைகளும் நேருக்கு நேர் சந்திக்கும். பியூஸ் எரியும், பியூஸ் இல்லாவிடில் வயரே எரியும். ஆகையால் ஒன்றில், முழுக் காரையும் முறைப்படி மாற்றவேண்டும்: பற்றரியின் இணைப்பைத் திருப்பி, டைனமோவுக்குப் புதிய துருவத்தைக் கொடுத்து, கொயிலின் வயர்களையும் இடம் மாற்றவேண்டும். அல்லது ஸ்டீரியோவும் அதன் அன்ரெனாவும் காரின் உடலைத் தொடாதபடி காப்பிட்டு வைக்கவேண்டும். டைனமோவின் பெலனையும் எண்ணிப் பார்க்கவேண்டும். அது தருவது ஏறத்தாழ 20 அம்பியர். கார் நின்று இயந்திரம் மெதுவாகச் சுழலும்போது அதுவும் கிடைக்காது. இரவில் விளக்குகளையும் எரித்து, பெரிய அம்பிளிஃபயரையும் முழக்கினால் பற்றரி வெறுமையாகிவிடும்.

வெட்டாமல் பொருத்த வழிகள் உண்டு. ஏற்கெனவே உள்ள திருகாணித் துவாரங்களில் பிடிக்கும் ஒரு சிறு சட்டத்தைச் செய்து, ஸ்டீரியோவை டாஷ்போர்ட்டின் கீழே தொங்கவிடலாம். முகப்பே இல்லாத சிறிய புளூடூத் அம்பிளிஃபயரை ஆசனத்தின் கீழ் மறைத்து வைக்கலாம். பழைய வானொலி ஒன்று கிடைத்தால், அதன் கூட்டையும் திருகு குமிழ்களையும் வைத்துக்கொண்டு உள்ளே புதிய சுற்றைப் பொருத்துவோரும் உண்டு. கதவைத் துளைக்காமல் ஒலிபெருக்கிகளைத் தனிப் பெட்டியில் வைக்கலாம். இவை யாவும் வெட்டுவதைவிட அதிக நேரமும் பொறுமையும் கேட்கிறவை. வாளுக்கு அரை மணி நேரம் போதும்.

இப்பொழுது நமது வேதபகுதியைப் பாருங்கள். பழைய வஸ்திரத்தில் கோடித்துணியின் ஒட்டுப் போடுவதைப்பற்றி ஆண்டவர் பேசுகிறார். கிறிஸ்து கொண்டுவந்த புதுமை பழைய முறைமைகளுக்குள் அடங்காது என்பதே அந்த உவமையின் முதன்மைப் பொருள். அதைக் குறைத்துச் சொல்ல நான் துணியேன். ஆனாலும் நாம் விரைவாகத் தாண்டிப்போகும் ஒரு காரியம் அதில் உண்டு. ஒட்டுப் போட்டவன் அடைந்த பலன் என்ன? பழைய வஸ்திரத்தின் கிழிசல் இன்னும் பெரிதாயிற்று. லூக்கா 5:36-ஐ வாசித்தால், ஒட்டுக்காகப் புதிய வஸ்திரமும் கிழிக்கப்படுகிறதைக் காண்பீர்கள். இரண்டும் நஷ்டம். மத்தேயுவோ அந்தப் பகுதியை, புதிய இரசத்தைப் புதிய துருத்தியில் வார்ப்பதால் இரண்டும் காக்கப்படுகிறதைச் சொல்லி முடிக்கிறார். இரசம் மாத்திரம் காக்கப்பட்டால் போதும் என்று ஆண்டவர் சொல்லவில்லை. துருத்தியும் அவருடைய கணக்கில் இருக்கிறது. அதே சுவிசேஷத்தின் 13:52-இல், பரலோக ராஜ்யத்திற்கடுத்தவைகளில் தேறினவனைத் தன் பொக்கிஷத்திலிருந்து புதியவற்றையும் பழையவற்றையும் எடுத்துக் கொடுக்கிற வீட்டெஜமானுக்கு அவர் ஒப்பிடுகிறார்.

சாலொமோன் ஆலயத்தைக் கட்டினபோது கற்கள் வெட்டப்பட்ட இடத்திலேயே செம்மையாக்கப்பட்டுக் கொண்டுவரப்பட்டன என்றும், ஆலயத்திற்குள் இரும்பு ஆயுதத்தின் சத்தம் கேட்கப்படவில்லை என்றும் 1 இராஜாக்கள் 6:7 அறிவிக்கிறது. வேலை குறைந்துபோகவில்லை; அது வேறிடத்தில் முன்னதாகவே செய்யப்பட்டது. புதியதைக் கொண்டுவருகிறவன் சுமக்கவேண்டிய பாரம் இதுவே. பொருந்தும்படி செதுக்கவேண்டியது தான் கொண்டுவருகிற கல்லையே. ஏற்கெனவே நிற்கிற சுவரை அல்ல.

மூத்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. மோசே செய்த வெண்கலச் சர்ப்பம் தேவனுடைய கட்டளையினாலேயே உண்டானது. அதனால் அநேகர் பிழைத்தார்கள். ஆயினும் ஜனங்கள் அதற்குத் தூபங்காட்டத் தொடங்கியபோது எசேக்கியா ராஜா அதை உடைத்துப்போட்டான் (2 இராஜாக்கள் 18:4). பழையது என்பதினாலேயே ஒன்றும் பரிசுத்தமாகிவிடாது. அந்த டாஷ்போர்ட்டைக் காக்கிற தகப்பன், அதன் கதையைத் தன் மகனுக்குச் சொல்லாமல் காத்தால், அவர் காப்பது தகட்டை மாத்திரமே. தொடாதே என்று கட்டளையிட நமக்கு அதிகாரம் இருக்கலாம். ஏன் என்று சொல்லவும் நமக்குக் கடமை உண்டு. யோர்தானிலிருந்து எடுத்த 12 கற்களைக்குறித்து யோசுவா கொடுத்த அறிவுரை என்ன? பிள்ளைகள் அவற்றின் பொருளைக் கேட்கும்போது சொல்லுங்கள் என்பதல்லவா? (யோசுவா 4:6-7). சொல்லப்படாத நினைவுக்கல், அடுத்த தலைமுறைக்கு வழியை மறிக்கிற கல்லாகவே தோன்றும்.

பிரியமானவர்களே, நமது சபைகளிலும் இதுவே நடக்கிறது. திரை ஒன்றைத் தொங்கவிடுவதற்காகப் பிரசங்க பீடத்தைப் பெயர்த்தெடுக்கிறோம். புதிய பாடல்கள் வந்தவுடனே கீர்த்தனைப் புத்தகங்களை அலுமாரியில் பூட்டுகிறோம். இன்னொரு புறத்தில், கிற்றாரோடு வந்த பிள்ளையை முகம் சுளித்துத் திருப்பி அனுப்புகிறோம். திரையும் வரட்டும், கிற்றாரும் வரட்டும். ஆனால் எதையாகிலும் மாற்றுமுன் மூன்று கேள்விகளைக் கேட்போம். இந்த மாற்றத்தைப் பின்னர் திருப்பிக்கொள்ள முடியுமா? இதன் அடித்தள இணைப்பு நமது விசுவாசத்தின் அடித்தளத்தோடு ஒத்திருக்கிறதா, அல்லது தொட்ட இடத்தில் தீப்பற்றுமா? இதைச் சுமக்க நமக்குப் பெலன் உண்டா, அல்லது பிரயாணத்திற்கு வேண்டியதையும் இது உறிஞ்சிவிடுமா?

அந்த வீட்டாருக்கு நான் சொன்ன ஆலோசனை சிறியது. தகப்பனார் அந்த ஒக்ரோபர் இரவை மகனுக்குச் சொல்லட்டும். மகன் சட்டத்தின் அளவைத் தகப்பனாரோடு சேர்ந்து எடுக்கட்டும். சட்டம் எப்படி அமையும் என்பதை அவர்கள் முடிவுசெய்வார்கள். உங்கள் வீட்டிலும் இப்படிப்பட்ட ஒரு தகடு இருக்குமானால், வாளை எடுக்குமுன் அதன் கதையைக் கேளுங்கள். அல்லது தடை சொல்லுமுன் அதன் கதையைச் சொல்லுங்கள். இவ்வாரத்திலேயே அதைச் செய்யுங்கள்.

ஜெபிப்போம்: எங்கள் பிதாவே, எங்கள் பிதாக்களை நடத்தினவரும் எங்கள் பிள்ளைகளை நடத்தப்போகிறவரும் நீரே. மூத்தோருக்குச் சொல்ல வாயையும், இளையோருக்குக் கேட்கச் செவியையும் தாரும். எங்கள் கைகள் செய்யும் புதிய வேலையினால் பழையதும் புதியதும் காக்கப்பட அருள்செய்யும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டுகிறோம். ஆமென்.