குழந்தையின் உடம்பில் காபி நிறத் திட்டுகள்

போன மாதம் ஸ்ரீரங்கம் போக சத்திரம் பேருந்து நிலையத்தில் நின்றிருந்தேன். பக்கத்தில் கைக்குழந்தையோடு ஓர் இளந்தாய், கூட அவள் மாமியார். புழுக்கத்துக்குச் சட்டையைக் கழற்றியபோது பார்த்தேன், குழந்தையின் வயிற்றிலும் முதுகிலும் பால் காபி சிந்தினாற்போலத் திட்டுகள்.

"கிரகணத்தன்னிக்கு வெளியே வராதேன்னு தலைபாடா அடிச்சிக்கிட்டேன், கேட்டாளா?" என்றார் மாமியார், நான் கேட்காமலே. அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. என் நாத்தனார் பையனுக்கும் இதேதான். டாக்டர் விளக்கியதையும் பிறகு படித்ததையும் சொன்னேன்.

செல்கள் கண்டபடி பெருகிக் கட்டியாகிவிடாமல் தடுக்க நம் உடம்பில் சில புரதங்கள் உண்டு, பஸ்ஸுக்குப் பிரேக் மாதிரி. அதில் ஒன்று நியூரோஃபைப்ரோமின். கருவில் தோல் உருவாகும் ஆரம்ப வாரங்களிலேயே அது கெரட்டின் இழைகளோடு சேர்ந்து இருப்பதை 2002-ல் பின்லாந்து ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். (நகம், முடியில் இருப்பதும் கெரட்டின்தான்.) இந்தப் புரதத்துக்கான மரபணு அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. இரண்டில் ஒன்று பழுதானால் இப்படித் திட்டுகள் வரும். சுமார் 3,000 குழந்தைகளில் ஒன்றுக்கு இந்தக் குறை. பாதிப் பேருக்குப் பெற்றோர் வழியாக வருகிறது. மீதிப் பேருக்குக் குடும்பத்தில் யாருக்கும் இல்லாமல் புதிதாக. பெரும்பாலும் கரு உண்டாகும்போதே முடிந்துவிடுகிற காரியம். கிரகணத்துக்கு இதில் என்ன வேலை?

ஒன்றிரண்டு திட்டு பலருக்கும் இருக்கும், பயமில்லை. பிறந்த குழந்தையின் இடுப்புக்குக் கீழே நீலம் பாரித்திருப்பதும் வேறு. பெரும்பாலும் தானே மங்கிவிடும். துவரம்பருப்பைவிடப் பெரியதாக, அதாவது 5 மில்லிமீட்டருக்கு மேல், 6 அல்லது அதிகம் இருந்தால் டாக்டரிடம் காட்டியே ஆகணும். அக்குளில் பொடிப் புள்ளிகள் வந்தாலும்தான். தோலில் கட்டிகள் அநேகமாக வயதுக்கு வரும் சமயத்தில்தான் தலைகாட்டும். ஆனால் கண் நரம்பில் சிறு வயதிலேயே கட்டி வரலாம், குழந்தைக்குச் சொல்லத் தெரியாது. அதனால் வருஷம் ஒருமுறை கண்ணையும் ரத்த அழுத்தத்தையும் பார்க்கச் சொல்வார்கள். கடலைமாவு தேய்த்தால் திட்டு போகாது. (என் மாமியார் ஆறு மாதம் தேய்த்தார்!) நாத்தனார் பையன் இப்போது கல்லூரியில் படிக்கிறான்.

அந்த மாமியார் பதில் பேசவில்லை. குழந்தையை மடிக்கு வாங்கி, ஒவ்வொரு திட்டாக விரல் வைத்து எண்ணினார். எட்டு.

"புத்தூர் பெரியாஸ்பத்திரிக்கு எந்த பஸ்ஸும்மா போகும்?" என்றார்.