பனைமரத்தின் நடிப்பு

கச்சேரி வித்வான்கள் சினிமாவில் வேடம் கட்டியது கர்நாடக இசைக்கு நேர்ந்த இழுக்கு என்று சென்ற மாதம் ஓர் இதழ் ஒன்பது பக்கம் கண்ணீர் விட்டிருக்கிறது. உதாரணம் வழக்கம்போல 1935இல் வந்த ‘பக்த நந்தனார்’. மகாராஜபுரம் விஸ்வநாதய்யர் அப்படியொரு மட்டமான படத்தில் நந்தனின் ஆண்டையான வேதியராகப் போய் நின்றது ஏன் என்று கட்டுரையாளருக்கு விளங்கவே இல்லையாம். கடைசியில் பணத்தாசை என்று முடித்துவிட்டார்.

படம் மட்டம் என்று இவருக்கு எப்படித் தெரியும்? படச்சுருள் கிடைப்பதில்லை. கிடைப்பது கல்கியின் விமர்சனம். பனைமரமும் எருமையும் ஆடும்தான் ஒழுங்காக நடித்தன என்கிற ரீதியில் அவர் செய்த கேலி. கல்கி படத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். இவர் கல்கியைப் படித்துவிட்டுச் சிரிக்கிறார். தமிழில் பாதி விமர்சனம் இப்படித்தான் நடக்கிறது. ஒருவர் அடித்த கிண்டலைத் தலைமுறை தலைமுறையாக வழிமொழிவதற்குப் பெயர் ரசனையாம்.

புதிர் ஒன்றும் இல்லை. பின்னணிப் பாட்டு தமிழ்ப் படத்துக்கு வந்தது 1938இல், ‘நந்தகுமார்’ எடுத்தபோது. அதுவரை குரல் வேண்டுமென்றால் ஆளையே காமிரா முன் நிறுத்தியாக வேண்டும். முதலாளிக்கு வேண்டியிருந்தது விஸ்வநாதய்யரின் சாரீரம். முகமும் கைகாலும் கூடவே வந்து சேர்ந்தன. முசிரி சுப்பிரமணிய ஐயர் ‘துக்காராம்’ ஆனதும் இப்படித்தான். அவர் அந்த ஒரே படத்தோடு சினிமாவுக்குக் கும்பிடு போட்டுவிட்டார்.

புதிர் என்றால் நந்தனாக நடித்த கே.பி. சுந்தராம்பாள்தான். கணவர் கிட்டப்பா 1933இல் போனபின் வெள்ளைச் சேலையோடு ஒதுங்கியிருந்தவர். தேடி வந்த தயாரிப்பாளர் ஹசன்தாஸை விரட்டத்தான் ஒரு லட்ச ரூபாய் கேட்டார் என்பார்கள், மனிதர் சரியென்றுவிட்டார். ஆணுக்கு ஜோடியாக நடிப்பதில்லை என்ற வைராக்கியத்தைக் காக்க அம்மையார் ஆணாகவே வேடம் கட்டினார். ஒலிபெருக்கி இல்லாத ஸ்பெஷல் நாடகக் கொட்டகையில் கடைசி வரிசைத் தரை டிக்கெட்காரனுக்கும் போய்ச் சேர்ந்து பழகிய குரல் அது. கிட்டப்பா, சுந்தராம்பாள் இசைத்தட்டுகளைத் தேய்ந்து கரகரக்கும் வரை கேட்டவர்களுக்கு அந்த மேல்ஸ்தாயியைப் பற்றி நாம் சொல்லத் தேவையில்லை. ஸ்பெஷல் நாடகம் என்று ஒன்று இருந்ததையே மறந்துவிட்டு, சபா மேடையின் அளவுகோலோடு வருகிறவர்களிடம் சொல்லியும் பயனில்லை.

அது கிடக்கட்டும். சேக்கிழாரின் பெரியபுராணத்தில் அந்த ஆண்டையே கிடையாது. நாற்பது வேலியையும் அறுத்துக் கொடுத்துவிட்டுச் சிதம்பரம் போ என்கிற வேதியரைத் தம் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில் படைத்தவர் கோபாலகிருஷ்ண பாரதி. நந்தனுக்கு நூற்றாண்டுகள் கழித்து ஒரு முதலாளியைக் கொடுத்ததில் கீர்த்தனை உண்மைக்கு நெருங்கி வந்தது; பிறகு நந்தனைத் தீயில் இறக்கி எல்லாரையும் சமாதானப்படுத்தியது. 1942இல் ஜெமினி அதே கதையை எடுத்தது. நந்தன், தண்டபாணி தேசிகர். என்ன பாட்டு! ஆனால் இரண்டு முறையும் சேரியிலிருந்து ஒரு குரலைத் தேடிப் பார்க்க எந்த முதலாளிக்கும் தோன்றவில்லை. வேதியர் வேடம் போட்டதில் வித்வானின் கௌரவம் எத்தனை அங்குலம் குறைந்தது என்று அளந்துகொண்டிருக்கும் அந்த இதழ், நந்தன் வேடத்துக்கு உரியவர்கள் எங்கே நின்றுகொண்டிருந்தார்கள் என்று ஒரு பக்கமாவது கேட்டிருந்தால், நாமே சந்தா கட்டியிருப்போம்.