ஒரு 'அதர்' படுத்தும் பாடு

கம்பாரடிவ் வாக்கியத்தைச் சூபர்லேடிவாக மாற்றுக என்று இங்கிலீஷ் பரீட்சையில் ஒரு கேள்வி வருவது வழக்கம். 'டாலர்' என்பதை 'டாலெஸ்ட்' ஆக்கி, முன்னால் ஒரு 'தி'யையும் ஒட்டிவிட்டால் காரியம் முடிந்தது என்று பிள்ளைகள் எண்ணுகிறார்கள். (இந்த டாலர் அமெரிக்க நாணயமன்று; 'அதிக உயரமான' என்று பொருள்.)

திருச்சி மலைக்கோட்டையின் உச்சியில் நின்றாலே கண்ணில் படும் ஸ்ரீரங்கத்து ராஜகோபுரத்தை உதாரணமாகக் கொள்வோம். அதன் உயரம் 236 அடி; திருவண்ணாமலைக் கோபுரம் 217 அடி. 'இது அதைவிட உயரம்' என்பது கம்பாரடிவ். இதைச் சூபர்லேடிவாக மாற்ற எந்தச் சூரனாலும் ஆகாது. இரண்டைத்தானே ஒப்பிட்டோம்? மூன்றாவது கோபுரத்தைப் பற்றி நாம் வாயே திறக்கவில்லை. 'தமிழ்நாட்டில் வேறு எந்தக் கோபுரத்தையும்விட உயரம்' என்றிருந்தால்தான், 'தமிழ்நாட்டுக் கோபுரங்களுள் மிக உயரமானது' என்று மாற்ற இடமுண்டு.

அந்த 'வேறு' என்னும் சொல்லில்தான் சூட்சுமம். இங்கிலீஷில் அது 'எனி அதர்'. 'அதர்' விட்டுப்போனால், ராஜகோபுரமும் தமிழ்நாட்டுக் கோபுரங்களுள் ஒன்றாகையால், தன்னைக் காட்டிலும் தானே உயரம் என்ற விபரீதம் நேரும்! சூபர்லேடிவுக்குப் போகும்போதோ அதே 'அதர்' மறைய வேண்டும். 'மற்றக் கோபுரங்களுள் மிக உயரமானது' என்று எழுதினால், அந்த மற்றவற்றுள் அது ஏது? பிள்ளைகள் மார்க்கை இழப்பது பெரும்பாலும் இங்கேதான்.

இந்தப் பட்டம் நிரந்தரமானதுமன்று. பல நூற்றாண்டுகள் மொட்டைக் கோபுரமாக நின்றதை 1979-இல் கட்டத் தொடங்கி, 1987-இல் பதின்மூன்று நிலைகளுடன் முடித்தார்கள். அதுவரை பட்டம் திருவண்ணாமலையுடையது. பிறகு, 'ஆசியாவிலேயே மிக உயரம்' என்று ஸ்ரீரங்கத்தார் பெருமை பேசினார்கள். 2008-இல் கர்நாடகத்து முருடேசுவரத்தில் ஏறக்குறைய அதே உயரத்தில் ஒரு கோபுரம் எழுந்துவிட்டது. அடிக்கணக்கு வழக்கில் நாம் தலையிடுவதாயில்லை.

இலக்கணம் இதற்கும் வழி வைத்திருக்கிறது. 'ஆசியாவின் மிக உயர்ந்த கோபுரங்களுள் ஒன்று' என்று எழுதலாம். இதைக் கம்பாரடிவாக்கச் சொன்னால் 'எனி அதர்' உதவாது. 'மோஸ்ட் அதர்', அதாவது 'மற்றவற்றுள் பெரும்பாலானவற்றைவிட', என்றே போட வேண்டும். அப்போது மார்க்கும் கிடைக்கும். முருடேசுவரத்தாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.