அரியர் இல்லாத கல்லூரி

போன வாரம் ரிசல்ட் வந்தது. காஸ்ட் அக்கவுண்டிங்கில் எனக்கு அரியர். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. அந்தக் கடுப்பில் எதையோ தேடப்போய்க் கண்ணில் பட்டதுதான் பிளாக் மவுண்டன் கல்லூரியின் கதை.

அமெரிக்காவின் வட கரோலினா மலைப்பகுதியில் 1933-ல் தொடங்கிய சின்னக் கல்லூரி. கலைதான் படிப்புக்கே மையம். பெரும்பாலான வருஷங்களில் நூறு மாணவர்கள்கூட இல்லை. கட்டாயப் பாடம் கிடையாது. மதிப்பெண்ணை மாணவர்களிடம் சொல்ல மாட்டார்கள். படிப்போடு வயல் வேலை, கட்டட வேலையும் உண்டு. வாத்தியார்களும் கூடவே வேலை செய்வார்கள்.

ஜாலிதான் இல்லையா? ஆனால் எனக்குப் பிடித்தது வேறு விஷயம்.

1948 கோடையில் பக்மின்ஸ்டர் ஃபுல்லர் அங்கே பாடம் நடத்த வந்தார். ஜன்னல் மறைப்புக்குப் பயன்படும் பட்டைகளைக் கோர்த்து, மாணவர்களோடு சேர்ந்து பெரிய குவிமாடம் ஒன்றை எழுப்பப் பார்த்தார். எழும்பவே இல்லை! தரையோடு தரையாகக் கிடந்தது. ‘படுத்த குவிமாடம்’ என்று பெயரும் வைத்துவிட்டார்கள். மறு கோடையில் அவர் திரும்பி வந்தார். இந்த முறை சின்னது. நின்றது. ஆட்கள் பிடித்துத் தொங்கியும் தாங்கியது.

அங்கே தோற்றது வாத்தியார். அதுவும் மாணவர்கள் கண் முன்னால். எங்கள் வகுப்பில் அப்படி யாரும் தோற்று நான் பார்த்ததில்லை. போர்டில் போடுகிற கணக்கு எப்போதும் டாலி ஆகும். எனக்கு மட்டும் பரீட்சை ஹாலில் ஆகாது. எந்த வரியில் தப்பு செய்தேன் என்று யாரும் சொல்வதில்லை. 34 என்ற எண் மட்டும் வந்து சேர்கிறது.

காமர்ஸ்காரன் என்பதால் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கல்லூரிக்கு எப்போதும் பணமுடை. 1957-ல் மூடிவிட்டார்கள். அதனால் பரீட்சையே வேண்டாம், எல்லோரும் மலைக்குப் போவோம் என்றெல்லாம் நான் சொல்லவில்லை. வாரம் ஒரு வகுப்பிலாவது, வாத்தியாரும் முன்பு போட்டுப் பார்க்காத ஒரு கணக்கை எடுத்துக்கொள்ளலாம். அவரும் தடுமாறட்டும், நாங்களும் தப்பாகப் போடுகிறோம். எங்கே இடறியது என்று சேர்ந்தே தேடுவோம். மார்க் வேண்டாம். இதற்கு ஆகும் செலவு ரெண்டு சாக்பீஸ்தான்.

இன்று ராத்திரி அப்பாவிடம் அரியரைச் சொல்லப் போகிறேன். இந்தக் குவிமாடக் கதையையும் சேர்த்துச் சொல்லலாம் என்று ஒரு ஐடியா. அவர் என்ன கேட்பார் என்று இப்போதே தெரியும்.

"அதெல்லாம் சரிடா, அடுத்த செமஸ்டர்ல நிக்குமா?"